அண்டார்டிகா சுற்றுலா: கரையில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மட்டும் அனுமதி ஏன்?

அண்டார்டிகாவில் கரையிறங்கும் ஒவ்வொரு சுற்றுலாப் பயணியும் கப்பலை விட்டு இறங்கும் முன்பும், திரும்பி வந்து ஏறும்போதும் காலணிகளைக் கிருமிநாசினியால் சுத்தம் செய்தாக வேண்டும். சட்டைப் பைகளிலும் தோள்பையின் மடிப்புகளிலும் விதையோ மண்ணோ ஒட்டியிருந்தால், தூசு உறிஞ்சும் கருவியைக் கொண்டு அவை அகற்றப்படுகின்றன. கரையில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் இருக்க அனுமதியில்லை. பெங்குவின்களை 5 மீட்டருக்குள் நெருங்கவும் கூடாது.

காவல் நிலையமோ வனத்துறையோ இல்லாத ஒரு கண்டத்தில் இந்த விதிகளை வகுத்தது யார், அவற்றுக்கு எந்த அளவு வலிமை உண்டு, இந்தியர்களுக்குப் பொருந்தும் சட்டம் எது என்பதை இந்தத் தொகுப்பு விளக்குகிறது.

பயணிகள் எண்ணிக்கை

அண்டார்டிகாவுக்கான இன்றைய சுற்றுலா முறைக்கு அடித்தளமிட்டவர் ஸ்வீடனில் பிறந்த லார்ஸ்-எரிக் லிண்ட்பிளாட். 1966-ஆம் ஆண்டு அவர் பயணிகள் குழுவொன்றைக் கப்பலில் அங்கு அழைத்துச் சென்றார். இயற்கையைக் கற்றறிந்த வழிகாட்டிகளுடன் சிறு குழுக்களாகக் கரையிறங்கும் வழக்கம் அந்தக் காலகட்டத்தில்தான் உருவானது.

1990-களின் தொடக்கத்தில் ஒரு பருவத்துக்குப் பத்தாயிரத்துக்கும் குறைவானவர்களே அங்கு சென்றனர். கரோனா பெருந்தொற்றுக் காலத்தில் ஏறக்குறைய நின்றுபோன இந்தச் சுற்றுலா, 2022-23 பருவத்தில் ஒரு லட்சம் பயணிகள் என்ற அளவைத் தாண்டியது. 2023-24 பருவத்தில் சுமார் 1.22 லட்சம் பேர் சென்றனர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் கரையில் இறங்கினர். மற்றவர்கள் கப்பலில் இருந்தபடியே கண்டத்தைக் கண்டு திரும்பினர்.

பரந்த கண்டம், குறுகிய கரை

சுமார் 1.4 கோடி சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கண்டத்துக்கு ஒரு லட்சம் பேர் பெரிய எண்ணிக்கையா என்ற கேள்வி எழலாம். அண்டார்டிகாவின் ஏறத்தாழ 98 சதவீதம் பனிப்பாளத்தால் மூடப்பட்டுள்ளது. கடலோரத்தில் பனியற்ற நிலம் மிகக் குறைவு. ஜென்டூ, அடேலி, சின்ஸ்ட்ராப் வகைப் பெங்குவின்கள் கூழாங்கற்களைக் குவித்துக் கூடு கட்டுவதற்கு அந்த நிலமே தேவை. பாசிகள் வளர்வதும், பல ஆய்வு நிலையங்கள் அமைந்திருப்பதும், பயணிகள் இறங்குவதும் அங்கேயே.

பெரும்பாலான கப்பல்கள் அர்ஜென்டினாவின் உசுவாயா துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, டிரேக் நீரிணையைச் சுமார் இரண்டு நாள்களில் கடந்து அண்டார்டிக் தீபகற்பத்தை அடைகின்றன. நவம்பர் முதல் மார்ச் வரையிலான கோடைக்காலமே பயணப் பருவம். பெங்குவின்கள் முட்டையிட்டுக் குஞ்சுகளை வளர்ப்பதும் அதே மாதங்களில்தான். ஆகவே, பயணிகளும் பறவைகளும் ஒரே குறுகிய கரையை ஒரே பருவத்தில் பகிர்ந்துகொள்ளும் நிலை உள்ளது.

விதிகளை வகுத்தது யார்?

1959-ஆம் ஆண்டு 12 நாடுகள் கையெழுத்திட்ட அண்டார்டிக் ஒப்பந்தம், கண்டத்தின் மீது 7 நாடுகள் எழுப்பியிருந்த உரிமைக் கோரிக்கைகளை முன்னெடுக்காமல் நிறுத்திவைத்தது. 1991-இல் மாட்ரிட் நகரில் கையெழுத்தாகி 1998-இல் நடைமுறைக்கு வந்த சுற்றுச்சூழல் நெறிமுறை, அண்டார்டிகாவை அமைதிக்கும் அறிவியலுக்கும் உரிய இயற்கைக் காப்பகமாக அறிவித்தது. கனிமம் தோண்டுவதற்குத் தடை விதித்த அந்த நெறிமுறை, சுற்றுலா உள்ளிட்ட எந்தச் செயல்பாட்டுக்கும் முன்கூட்டியே சுற்றுச்சூழல் பாதிப்பை மதிப்பிட வேண்டும் என்றும் கட்டாயமாக்கியது. சீல்களுக்கு நோய் பரவக்கூடும் என்பதால், ஆய்வாளர்கள் பனிச்சறுக்கு வண்டிகளை இழுக்கப் பயன்படுத்திய நாய்களும் 1994-க்குள் வெளியேற்றப்பட்டன.

அன்றாட நடைமுறை விதிகளைச் செயல்படுத்துவது, 1991-இல் 7 நிறுவனங்கள் இணைந்து தொடங்கிய அண்டார்டிக் சுற்றுலா நிறுவனங்களின் சர்வதேச சங்கம் (ஐஏஏடிஓ) ஆகும். 500-க்கும் அதிகமான பயணிகளை ஏற்றிச் செல்லும் கப்பல் எவரையும் கரையிறக்கக் கூடாது. ஓர் இடத்தில் ஒரு நேரத்தில் ஒரு கப்பலின் பயணிகளே இறங்க வேண்டும். 20 பயணிகளுக்குக் குறைந்தது ஒரு வழிகாட்டி உடனிருக்க வேண்டும் என்பவை அவற்றுள் முக்கியமானவை. ஒப்பந்த நாடுகளின் கூட்டமும் 2009-ஆம் ஆண்டு இவற்றை ஒத்த தீர்மானத்தை ஏற்றது. ஆனால் இத்தகைய தீர்மானம், முடிவெடுக்கும் உரிமை பெற்ற நாடுகள் அனைத்தும் தனித்தனியே ஒப்புதல் அளித்த பின்னரே சட்ட வலிமை பெறும். எனவே, கள நடைமுறை பெருமளவில் நிறுவனங்களின் சுயக்கட்டுப்பாட்டைச் சார்ந்தே இயங்குகிறது.

ஒவ்வொரு விதிக்கும் ஒரு காரணம்

அண்டார்டிகாவுக்கே உரிய பூக்கும் தாவரங்கள் இரண்டே வகைகள். மனித நடமாட்டத்தின் வழியாக வந்த ஒரு புல்வகை, தீபகற்பத்துக்கு அருகிலுள்ள கிங் ஜார்ஜ் தீவில் வேரூன்றிவிட்டது. காலணி இடுக்கில் சிக்கிய ஒரு விதை எத்தகைய மாற்றத்தை விளைவிக்கும் என்பதற்கு அது சான்று.

பெங்குவின்கள் கூட்டுக்கும் கடலுக்கும் இடையே ஒரே வழித்தடத்தில் நடப்பதால் பனியில் பள்ளமான பாதைகள் உருவாகின்றன. அப்பாதையில் பயணி நின்றால், குஞ்சுக்கு இரை கொண்டுவரும் பறவை காத்திருக்க நேரிடும். எனவே, வழிவிட வேண்டியவர் பயணியே. கரையில் உணவு உண்பதற்கும், கல், இறகு, எலும்பு ஆகியவற்றை எடுத்து வருவதற்கும் அனுமதியில்லை.

பறவைக் காய்ச்சல் 2023 அக்டோபரில் தெற்கு ஜார்ஜியாவை ஒட்டிய பேர்ட் தீவிலும், 2024 பிப்ரவரியில் அண்டார்டிக் தீபகற்பத்திலும் உறுதி செய்யப்பட்டது. அதையடுத்து, கரையில் உட்காருவதும் படுப்பதும் பைகளைத் தரையில் வைப்பதும் தவிர்க்கப்பட வேண்டும் என்ற விதி கடுமையாகப் பின்பற்றப்படுகிறது.

விதிகளுக்கு அப்பாற்பட்ட பாதிப்பு

காலணியைச் சுத்தம் செய்வதால் கப்பலின் புகை குறைந்துவிடாது. எரிபொருள் புகையிலிருந்து வெளியேறும் கரித்துகள் பனியின் மீது படியும்போது, பனி கூடுதல் வெப்பத்தை ஈர்த்து விரைவாக உருகுகிறது. 2022-இல் வெளியான ஓர் ஆய்வு, 2016 முதல் 2020 வரையிலான காலத்தில் ஒவ்வொரு பயணியின் வருகையும் சுமார் 83 டன் பனி கூடுதலாக உருகக் காரணமானதாகக் கணக்கிட்டது. உசுவாயா வரையிலான நீண்ட விமானப் பயணத்தின் கார்பன் உமிழ்வு தனி.

விபத்து அச்சமும் உள்ளது. லிண்ட்பிளாட் 1969-இல் துருவப் பயணத்துக்கென்றே கட்டுவித்த கப்பல், பின்னர் 'எக்ஸ்ப்ளோரர்' என்ற பெயரில் இயங்கிவந்த நிலையில், 2007 நவம்பர் 23-ஆம் தேதி பனிக்கட்டியில் மோதி மூழ்கியது. அதிலிருந்த 154 பேரும், அப்பகுதியில் சென்றுகொண்டிருந்த மற்றொரு கப்பலால் மீட்கப்பட்டனர். அடர் எரிபொருள் எண்ணெயைப் பயன்படுத்தவும் எடுத்துச் செல்லவும் அண்டார்டிக் கடற்பகுதியில் 2011 ஆகஸ்ட் முதல் தடை அமலில் உள்ளது.

இந்தியச் சட்டமும் கொச்சி கூட்டமும்

1983-இல் அண்டார்டிக் ஒப்பந்தத்தில் இணைந்த இந்தியா, அதே ஆண்டில் முடிவெடுக்கும் உரிமையையும் பெற்றது. மைத்ரி, பாரதி ஆகிய இரு ஆய்வு நிலையங்களை இந்தியா அங்கு நடத்தி வருகிறது. 2022-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய இந்திய அண்டார்டிக் சட்டத்தின்படி, அங்கு செல்லும் இந்தியப் பயணக் குழுக்களுக்கு இதற்கென அமைக்கப்படும் குழுவின் அனுமதியோ, நெறிமுறையில் இணைந்த மற்றொரு நாட்டின் எழுத்துப்பூர்வ அங்கீகாரமோ தேவை. அனுமதியின்றி அயல் தாவரங்களையோ விலங்குகளையோ கொண்டுசென்றால் 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

ஒப்பந்த நாடுகளின் 46-ஆவது ஆலோசனைக் கூட்டம் 2024 மே 20 முதல் 30 வரை கொச்சியில் நடைபெற்றது. அண்டார்டிகா சுற்றுலாவை ஒழுங்குபடுத்துவதற்கான விரிவான கட்டமைப்பை உருவாக்கும் பணிக்கென அக்கூட்டத்தில் தனிப் பணிக்குழு கூடி விவாதித்தது. ஆண்டுக்கு எத்தனை பேரை அனுமதிக்கலாம் என்ற மொத்த உச்சவரம்பு எதுவும் இல்லாத நிலையில், அந்தக் கட்டமைப்பு முக்கியத்துவம் பெறுகிறது. இத்தகைய முடிவுகளுக்கு நாடுகளின் ஒருமித்த கருத்து தேவை.

பயணம் செல்வோர் கவனத்துக்கு

முன்பதிவு செய்யும் முன், நிறுவனம் ஐஏஏடிஓ உறுப்பினரா, எந்த நாட்டின் அனுமதியுடன் இயங்குகிறது, கப்பலில் எத்தனை பயணிகள் இருப்பர், எந்த எரிபொருள் பயன்படுத்தப்படுகிறது என்பவற்றைக் கேட்டறியலாம். பழைய காலணிகளையும் மலையேற்றக் கோல்களையும் வீட்டிலேயே கழுவி உலர்த்தி எடுத்துச் செல்வது நல்லது. நோய்த்தொற்றுச் சந்தேகம் இருந்தால், திட்டமிட்ட இடத்தில் கரையிறங்குவது கடைசி நேரத்தில் ரத்து செய்யப்படலாம். அத்தகைய நேரத்தில் இறக்கிவிடுமாறு வழிகாட்டியை வற்புறுத்தாமல் இருப்பதும் பயணியின் கடமையே.