வாஷிங்டன்: ஊர் மாறினால் பெயரும் மாறும்

வாஷிங்டன் என்றதும் அமெரிக்கத் தலைநகரமும், ஒரு டாலர் நோட்டில் இருக்கும் ஜார்ஜ் வாஷிங்டனும்தான் நமக்கு ஞாபகம் வரும். அந்த நகரத்துக்கு இவர் பெயரை வைத்தார்கள். சரி, இவருக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? இன்னொரு ஊரிலிருந்து! இங்கிலாந்தின் வடகிழக்கில், பழைய டர்ஹாம் மாவட்டத்தில் வாஷிங்டன் என்ற ஊர் இன்றும் இருக்கிறது. வாஸா என்ற ஒருவருடைய ஆட்களின் பண்ணை என்பது அந்த ஊர்ப்பெயருக்குச் சொல்லப்படும் பொருள்.

1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடிப்பதற்கு முன்னால், அங்கே பெரும்பாலானவர்களுக்கு ஒரே பெயர்தான். பிறகு எங்கு பார்த்தாலும் வில்லியம், ஜான், ராபர்ட். எந்த வில்லியம் என்று சொல்ல ஓர் அடையாளம் வேண்டாமா? கொல்லனுக்கு ஸ்மித், ஜானின் மகனுக்கு ஜான்சன், நிலம் வைத்திருந்தவருக்கு அவருடைய ஊர்.

1183-ல் டர்ஹாம் பிஷப் தன் நிலங்களையும் வரவேண்டிய குத்தகையையும் கணக்கெடுத்தார். போல்டன் புக் என்று அதற்குப் பெயர். ஹார்ட்பர்ன் ஊர் வில்லியம் என்பவர் அந்த ஊரைக் கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக வாஷிங்டனை வாங்கிக்கொண்டதாக அதில் பதிவாகியிருக்கிறது. ஆண்டுக்கு நான்கு பவுண்டு குத்தகை. பிஷப் வேட்டைக்குப் போகும்போது நான்கு வேட்டைநாய்களோடு கூடப் போகவேண்டும். எங்கள் வங்கி பாஷையில் சொன்னால் சொத்துப் பரிமாற்றம், அவ்வளவுதான். ஆனால் நிலத்தோடு பெயரும் மாறிவிட்டது! 'ஹார்ட்பர்ன் ஊர்க்காரர்' வம்சம் 'வெஸ்ஸிங்டன் ஊர்க்காரர்' வம்சம் ஆனது. எழுத்து மாறி மாறி, கடைசியில் வாஷிங்டன் என்று நிலைத்தது.

நம் தாத்தாக்கள் பெயருக்கு முன்னால் ஊரின் முதலெழுத்தைப் போட்டதும் இதே காரணத்துக்குத்தான். ஒரே வித்தியாசம், அவர்கள் ஊரைப் பெயரின் பின்னால் ஒட்டினார்கள், அது பிள்ளைக்கும் பேரனுக்கும் அப்படியே இறங்கியது. நாம் முன்னால் போட்டோம், தலைமுறைக்குத் தலைமுறை மாற்றிக்கொண்டோம்.

வாஷிங்டன்களில் ஒரு கிளை லங்காஷயருக்குப் போனது. அங்கிருந்து லாரன்ஸ் வாஷிங்டன் என்பவர் நார்தாம்ப்டனுக்கு வந்து, கம்பளி வியாபாரத்தில் பணம் சேர்த்து, நகர மேயராகவும் இருந்தார். எட்டாம் ஹென்றி மடாலயங்களைக் கலைத்து நிலங்களை விற்றபோது, 1539-ல் சல்கிரேவ் பண்ணையை வாங்கினார். அவருடைய கொள்ளுப்பேரன் இன்னொரு லாரன்ஸ், பாதிரியார். உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1643-ல், சாராயக் கடையே கதி என்று இருந்ததாகக் குற்றம் சாட்டிப் பதவியைப் பறித்தார்கள். குடும்பம் நொடித்துப் போனது. அவர் மகன் ஜான் 1656-ல் புகையிலை ஏற்ற வந்த கப்பலில் வர்ஜீனியா போய் அங்கேயே தங்கிவிட்டார். பிழைப்புக்காகக் கடல் கடந்த அந்த ஜானின் கொள்ளுப்பேரன்தான், 1732-ல் பிறந்த ஜார்ஜ்.

இதோடு கதை முடிந்தது என்றுதான் பலர் எழுதுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இதற்குப் பிறகு நடந்தது.

ஜார்ஜுக்குச் சொந்தப் பிள்ளைகள் கிடையாது. 1799-ல் அவர் இறந்தபோது மவுண்ட் வெர்னான் பண்ணையில் 317 அடிமைகள் இருந்தார்கள். அவர்களில் தனக்குச் சொந்தமானவர்களை, தன் மனைவியின் காலத்துக்குப் பின் விடுதலை செய்யும்படி உயில் எழுதினார். மனைவி வழிச் சொத்தாக வந்தவர்களை விடுவிக்க அவருக்குச் சட்டப்படி அதிகாரம் இல்லை. பண்ணைக் கணக்குகளில் அடிமைகளுக்குப் பெரும்பாலும் ஒற்றைப் பெயர்தான். 1865-ல் அடிமை முறை ஒழிந்தபோது லட்சக்கணக்கானவர்களுக்குக் குடும்பப்பெயர் தேவைப்பட்டது. சிலர் எஜமானரின் பெயரை வைத்துக்கொண்டார்கள், பலர் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள்.

1856-ல் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்த ஒரு சிறுவன் விடுதலைக்குப் பிறகு பள்ளிக்கூடம் போனான். ஆஜர் எடுக்கும்போது மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் இரண்டு பெயர். இவனுக்கு புக்கர் என்ற ஒன்றுதான். தன் முறை வந்ததும் நிதானமாக "புக்கர் வாஷிங்டன்" என்றான். அவனுடைய மாற்றாந்தகப்பன் பெயர் வாஷிங்டன் ஃபெர்குசன். அந்தச் சிறுவன்தான் பின்னாளில் டஸ்கெகீ கல்வி நிறுவனத்தைக் கட்டி வளர்த்த புக்கர் டி. வாஷிங்டன். அப்பா பெயரின் பின்பாதியை விட்டுவிட்டு முன்பாதியை எடுத்துக்கொண்டான். அதாவது, நம் வீட்டுப் பிள்ளைகள் வடக்கே பள்ளியில் சேரும்போது சர்நேம் கட்டத்தில் நாம் எழுதுவதையேதான் அவனும் செய்தான் :-)

அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வாஷிங்டன் என்ற குடும்பப்பெயர் உள்ளவர்கள் சுமார் 1,63,000 பேர். அவர்களில் ஏறக்குறைய 90 சதவீதம் கறுப்பினத்தவர். நான்கு பவுண்டு குத்தகைக்கு வந்த பெயரை இன்று தாங்கி நிற்பவர்கள் பெரும்பாலும் அந்த நில உடைமைக்காரர்களின் வாரிசுகள் அல்ல, ஒரு துண்டு நிலம்கூட இல்லாமல் இருந்தவர்களின் வாரிசுகள்.

"உங்களுக்குச் சரியான சர்நேமே இல்லையே" என்று யாராவது உங்கள் பிள்ளையைக் கேட்டால், இந்தக் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். பெயர் எங்கிருந்து வந்தது என்பதைவிட, அதை யார் எப்படிச் சுமந்தார்கள் என்பதுதான் வரலாறு.