ஒரே மாத்திரை எல்லாருக்கும் கேட்குமா?

கோலா கெடாவில் மீன் ஆய்ந்த கைகளானாலும், கெடா தோட்டங்களில் பால்மரம் சீவிய கைகளானாலும், காலையில் விரல் மடங்க மறுத்தால் "வயசாச்சு, வாதம்" என்று தைலம் தேய்ப்பதே நம்மவர் வழக்கம். ஆனால் முடக்குவாதம் வெறும் மூட்டுத் தேய்மானம் அன்று. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் நோய் அது. இளவயதினருக்கும் வரும், பெண்களுக்கே அதிகம்.

இந்நோய்க்கு டாக்டர்கள் பெரும்பாலும் முதலில் கொடுப்பது மெத்தோட்ரெக்சேட் மாத்திரை. இதன் வரலாற்றில் சென்னைக்கும் பங்குண்டு. 1895-இல் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்றார். லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவருடைய குழு 1945-இல் போலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. அதைத் தடுக்கும் மருந்துகளும் அங்கேயே பிறந்தன. அவற்றுள் ஒன்று 1948-இல் பாஸ்டனில் இரத்தப் புற்றுநோய்ச் சிறுவர்களுக்குப் பலன் தந்தது. 1951-இல் முடக்குவாதத்திலும் சோதிக்கப்பட்டது. மெத்தோட்ரெக்சேட்டை முடக்குவாதத்துக்குப் பயன்படுத்த அமெரிக்கா அனுமதித்தது 1988-இல்தான்.

ஆனால் ஒருவருக்கு வீக்கம் வற்றுகிறது; மற்றவருக்குக் குமட்டல்தான் மிச்சம். ஏன்? போலிக் அமிலத்தைக் கையாளும் எம்.டி.எச்.எஃப்.ஆர். என்ற மரபணு ஆளுக்கு ஆள் சற்று மாறுபடுகிறது. அந்த மாற்றமே பக்க விளைவைக் கூட்டுகிறது என்றன சில ஆய்வுகள். அப்படியில்லை என்றன வேறு சில.

நம் நாட்டிலும் ஆராய்ச்சி நடந்தது. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சுவீடனின் கரோலின்ஸ்கா கழகமும் 2005 முதல் 2009 வரை மலாய், சீன, இந்திய நோயாளிகளை ஆராய்ந்தன. எச்.எல்.ஏ. மரபணுவின் சில வகைகள் மூவினத்தாரிடமும் இந்நோயுடன் தொடர்புடையவை என்றும், அவற்றோடு புகைப்பழக்கமும் சேர்ந்தால் ஆபத்து பெருகும் என்றும் தெரியவந்தது. நோய் யாருக்கு வரலாம் என்பதற்கு இது ஒரு விடை. எந்த மருந்து யாருக்குக் கேட்கும் என்று முன்கூட்டியே சொல்லும் மரபணுச் சோதனை இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை.

ஆகவே டாக்டர் மருந்தைக் கொடுத்து, இரத்தப் பரிசோதனை செய்து, பல வாரங்கள் பார்த்துத்தான் அளவை மாற்றுகிறார். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்ட மாத்திரையை வாங்கி விழுங்குவதும், அவருக்குக் கேட்கவில்லை என்று தம் மாத்திரையை நிறுத்துவதும் தவறு. இது வாரம் ஒருமுறை மட்டுமே உண்ணும் மருந்து; தினமும் உண்டால் உயிருக்கே ஆபத்து. பக்க விளைவைக் குறைக்க டாக்டர் உடன் தருவது, சுப்பாராவ் குழு உருவாக்கிய அதே போலிக் அமிலம்தான். விரல்கள் கோணிய பின் வருந்துவதைவிட, வீக்கம் தொடங்கியதுமே மருத்துவமனைக்குச் செல்வது நல்லது.