ஒலி எதில் வந்தாலும்

இலங்கை மலைநாட்டில் பூண்டுலோயாவின் டன்சினன், ஷீன் தேயிலைத் தோட்டங்களைச் சுற்றி மலைகள் எழும்பி நிற்கின்றன. பண்பலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. முகடு குறுக்கிட்டால் அதன் பின்னால் நிழல் விழும். சிற்றலையோ வானில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வரும். மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர்களின் லயங்களுக்கு வானொலி வந்த கதையை இந்த அலைக் கணக்கை வைத்தே சொல்லிவிடுவது எளிது, அது பிழையும் அல்ல. ஆனால் அலை எவ்வளவு தூரம் போனது என்பதைவிட, அதில் எதையெல்லாம் ஏற்ற முடிந்தது என்பதே இலங்கை ஒலிபரப்பின் போக்கை அதிகம் தீர்மானித்தது என்பது என் வாதம்.

1923இல் கொழும்பு மத்திய தந்தி நிலையத்தின் ஓர் அறையிலிருந்து எட்வர்ட் ஹார்ப்பர் சோதனையாக அனுப்பியது கிராமபோன் இசை. 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. போர்க்காலத்தில் நேசப் படைகளுக்காக ஏக்கலவில் நிறுவப்பட்ட 100 கிலோவாட் சிற்றலைப் பரப்பி, பின்னர் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1949இல் ரேடியோ சிலோன் என்ற பெயர் வந்தது. இதற்கிடையே ஒலியைப் பதியும் முறைகள் மாறிக்கொண்டே இருந்தன. நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் அரக்குத் தட்டைத் தொடர்ந்து 1948இல் 33⅓ சுற்று நெடுந்தட்டும், மறு ஆண்டு 45 சுற்றுத் தட்டும் சந்தைக்கு வந்தன. தட்டில் பதியும்போது தாழ்ந்த ஒலியைக் குறைத்து உயர்ந்த ஒலியைக் கூட்டுவார்கள். எவ்வளவு என்பதில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு இருந்தது, 1954 வாக்கில்தான் அது ஒரு பொது அளவுக்கு வந்தது. காந்த நாடா வந்தபோது அதற்கும் தனி வேகம், தனித் திருத்தம்.

இத்தனை மாற்றம் வந்தும் பரப்பியில் கை வைக்க வேண்டியிருக்கவில்லை. காரணம் ஒலிபரப்புக் கூடத்தில் இருந்தது. தட்டின் முள்ளிலிருந்து கிடைப்பது சில மில்லிவோல்ட் மின்சாரம். ஒலிவாங்கியிலிருந்து வருவது அதைவிடக் குறைவு. ஒவ்வொரு கருவிக்கும் அதற்கேற்ற முன்பெருக்கி இருந்தது. தட்டின் திருத்தம், நாடாவின் திருத்தம் எல்லாம் அங்கேயே முடிந்து, மிக்ஸருக்குள் நுழையும்போது எல்லாமே ஒரே மட்டத்து மின்னலையாகிவிடும். வந்தது தட்டா நாடாவா என்று மிக்ஸர் கேட்பதில்லை. அதனால்தான் 1952 டிசம்பரில் தொடங்கிய பினாகா கீத்மாலா என்ற இந்தித் திரைப்பாட்டு நிகழ்ச்சியை அமீன் சயானி பம்பாயில் நாடாவில் பதிய, அது கொழும்பிலிருந்து இந்தியா முழுவதும் கேட்டது.

அந்த வெற்றி, திரைப்பாட்டை ஓரங்கட்டிய அன்றைய அகில இந்திய வானொலியின் கொள்கை கொடுத்த வாய்ப்பு என்பார்கள். ரேடியோ சிலோனின் தமிழ்ச் சேவையைப் பொறுத்தவரை மயில்வாகனம், கே. எஸ். ராஜா, அப்துல் ஹமீத் ஆகிய அறிவிப்பாளர்களின் குரல்களே காரணம் என்பார்கள். இரண்டையும் ஏற்கிறேன். ஆனால் வாய்ப்பு வந்த அன்றே அதைப் பிடிக்க, வேறு நாட்டில் பதிந்த நாடாவை அப்படியே உள்ளே எடுக்கும் ஏற்பாடு தயாராக இருந்திருக்க வேண்டும்.

மீண்டும் பூண்டுலோயாவுக்கு வருவோம். அங்கே ஓடும் ஓயா கொத்மலை ஓயாவில் கலக்கிறது. அந்த ஆற்றில் அணை கட்டி ஊர்கள் நீருக்குள் போன பிறகு, மகாவலி சமூக வானொலியின் ஒரு பகுதியாக 1989இல் கொத்மலையில் நிலையம் அமைந்தது. 1990களின் இறுதியில் யுனெஸ்கோ உதவியோடு அங்கே இணையம் வந்தது. நேயர்கள் தபாலிலும் தொலைபேசியிலும் கேள்வி அனுப்ப, அறிவிப்பாளர் ஒலிபரப்பின்போதே இணையத்தில் தேடி, ஆங்கிலப் பக்கத்தை உள்ளூர் மொழியில் விளக்கினார். கணினி வாங்க வழியில்லாத வீட்டுக்கும் இணையம் வானொலிப் பெட்டி வழியே போய்ச் சேர்ந்தது.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில் உலகின் வேறு மூலைகளில் இணைய வானொலி வழங்கிகளை எழுதியவர்களும், ஒலியின் வடிவம் மாறினாலும் அனுப்பும் வழி மாறக்கூடாது என்ற பழைய ஒலிபரப்புக் கூடத்துச் சிக்கலைச் சந்தித்தார்கள். ஐஸ்காஸ்ட் வழங்கி எம்பி3 ஒலியை அனுப்பத் தொடங்கியது. பின்னர் ஆக் வோர்பிஸ் என்ற இன்னொரு ஒலி வடிவம் வந்தது. எம்பி3யில் நடுவில் வந்து சேரும் நேயர் அடுத்த துண்டிலிருந்தே கேட்கலாம். ஆக் வோர்பிஸில் தொடக்கத் தலைப்புப் பக்கங்கள் கிடைக்காவிட்டால் ஒன்றுமே கேட்காது; வழங்கி அவற்றைச் சேமித்து வைத்து ஒவ்வொரு புதிய நேயருக்கும் முதலில் அனுப்ப வேண்டும். ஐஸ்காஸ்டின் இரண்டாம் பதிப்பு இந்த வேறுபாட்டையெல்லாம் தனித்தனி வடிவச் செருகிகளுக்குள் ஒதுக்கியது. ஒலியை அனுப்புபவர் இணைந்ததும் அவர் சொல்லும் உள்ளடக்க வகையைப் பார்த்து வழங்கி உரிய செருகியை எடுக்கிறது. நேயர்களைக் கவனிக்கும் பகுதிக்கு வடிவத்தின் உள்விவரம் தெரிய வேண்டியதில்லை. ஒலிபரப்புக் கூடத்து முன்பெருக்கிகள் செய்ததும் இதைத்தான்.

இன்றைய மென்பொருள் எண்ணத்தைப் பழைய கருவிமேல் ஏற்றிப் பார்க்கிறேன் என்று மறுக்கலாம். அந்தப் பொறியாளர்கள் யாரும் இந்தச் சொற்களில் யோசிக்கவில்லை என்பது உண்மையே. ஆனால் மூலம் மாறும்போது வெளியேறும் வழி மாறக்கூடாது என்ற தேவை இருவருக்கும் ஒன்று, கிடைத்த விடையும் ஒன்று. வலுவான மறுப்பு வேறு: வாசல் எதையும் ஏற்கும்படி இருந்தால் போதுமா? போதாது. கொத்மலை நிலையம் பேசியது பெரும்பாலும் சிங்களத்தில். சுற்றிலும் தோட்டங்களில் வாழ்ந்தவர்கள் தமிழர்கள். அன்று இணையத்தில் தமிழ்ப் பக்கங்கள் குறைவு, ஆளுக்கொரு எழுத்துரு, 1999இல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூடிக் குறியாக்கத்தை ஒழுங்குசெய்ய வேண்டியிருந்தது என்று சமாதானம் சொல்லலாம். அது செல்லாது. சிங்கள நேயருக்கு வாசித்ததும் ஆங்கிலப் பக்கத்தைத்தான். அதே பக்கத்தைத் தமிழில் விளக்க எழுத்துரு தேவையில்லை, தமிழ் தெரிந்த ஓர் அறிவிப்பாளரும் நிகழ்ச்சிப் பட்டியலில் நேரமும் தேவை.

ஐஸ்காஸ்ட் இலவசம், அதன் மூலநிரல் திறந்து கிடக்கிறது. மலையகத்துக்கென்று இணைய வானொலி தொடங்குகிறவர்கள் தோட்டத்துத் தமிழுக்கு முதல் நாளிலிருந்தே நேரம் ஒதுக்க வேண்டும். அங்கே பதியும் பாட்டையும் பேச்சையும் இழப்பில்லாத ஃபிளாக் (FLAC) வடிவில் வைத்துக்கொண்டு, அனுப்புவதற்கு மட்டும் சுருக்க வேண்டும்.