பண்டை ரோமானியரின் தேர்தல்

தேர்தலில் நிற்பவரை ஆங்கிலத்தில் ‘காண்டிடேட்’ என்று வழங்குகின்றனர். இலத்தீன் மொழியில் ‘காண்டிடாட்டஸ்’ என்றால் வெள்ளாடை புனைந்தவன் என்பது பொருள். பண்டை ரோமாபுரியில் பதவி வேண்டி நின்றவர், சீமைச் சுண்ணாம்பு தேய்த்து வெளுப்பூட்டிய ‘டோகா’ என்னும் மேலாடையை அணிந்து மக்களிடையே உலவுவார். ஆடையின் பெயரே நாளடைவில் ஆளின் பெயராயிற்று. வாக்குக் கேட்டுச் சுற்றி வருதலுக்கு ‘அம்பிஷியோ’ என்று பெயர். உயர்வேட்கையைக் குறிக்கும் ‘ஆம்பிஷன்’ என்னும் ஆங்கிலச் சொல் அதிலிருந்து வந்ததே. அதே வேரில் தோன்றிய ‘அம்பிடஸ்’ என்னும் சொல்லோ, தேர்தல் இலஞ்சம் என்னும் குற்றத்தின் பெயராயிற்று. வெள்ளாடையில் எவ்வாறு கறை படிந்தது என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

மரபுவழிக் கணக்கின்படி கி.மு. 509-இல் மன்னராட்சியை ஒழித்த ரோமானியர், ஆண்டுதோறும் இரண்டு கான்சல்களைத் தேர்ந்தெடுத்து ஆட்சியை ஒப்படைத்தனர். மார்ஸ் திடலில் கூடிய வாக்காளர்கள் 193 குழுக்களாகப் பிரிந்து நிற்பர். குழுவுக்கு ஒரு வாக்கு. செல்வர் குழுக்களே முதலில் வாக்களிக்கும். 97 குழுக்களின் ஆதரவு கிட்டியவுடன் வெற்றி உறுதியாகிவிடும். உடைமை ஏதுமற்ற ஏழைகள் அனைவருக்கும் சேர்த்து ஒரே ஒரு குழுதான். அவர்களது முறை வருமுன்பே தேர்தல் முடிந்துவிடுவதும் உண்டு. பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வாக்குரிமையே இல்லை.

இன்றைய பொருளில் கட்சிகள் அன்று இல்லை. ஆகவே வேட்பாளர் தம் குடிப்பெருமையையும் நட்பையும் நம்பியே நின்றார். கடைவீதியில் எதிர்ப்படுவோரின் கையைப் பற்றிப் பெயர் சொல்லி நலம் விசாரிப்பார். பெயர் நினைவில்லையே என்று அவர் கவலையுற வேண்டியதில்லை. அதற்கென்றே பழக்கிய அடிமை ஒருவன் அருகில் நடந்து, வருபவரின் பெயரைக் காதோடு ஓதுவான்!

கி.மு. 64-இல், முன்னோர் எவரும் கான்சலாக இருந்திராத குடும்பத்தில் தோன்றிய சிசரோ அப்பதவிக்கு நின்று வென்றார். அவருக்கு வழிகாட்ட அவர் தம்பி குவிண்டஸ் எழுதியதாகக் கூறப்படும் கையேடு ஒன்று இன்றும் கிடைக்கின்றது. எவருக்கும் மறுப்புச் சொல்லாதே. நிறைவேறாத வாக்குறுதியைக் காட்டிலும் நேரடி மறுப்பே மக்களை மிகுதியாகப் புண்படுத்தும். அரசியல் சிக்கல்களில் பிடி கொடுக்காதே என்பன அந்நூல் கூறும் அறிவுரைகளுட் சில. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் எழுதப்பட்டவை இவை என்பதை நம்ப நமக்கே சற்றுத் தயக்கம் உண்டாகின்றது.

சிற்றூர்களின் பிரசாரத்தைக் கண்ணாரக் காண வேண்டுமாயின், பிற்காலத்தில் கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலைச் சாம்பலில் புதையுண்ட போம்பேயி நகருக்குச் செல்ல வேண்டும். அங்குள்ள சுவர்களில் 2,500-க்கு மேற்பட்ட தேர்தல் விளம்பரங்கள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. வாக்குரிமையற்ற பெண்களும் சிலரை ஆதரித்து எழுதுவித்துள்ளனர். வாட்டியா என்பவரைத் திருடர்களும், நள்ளிரவுக் குடியரும், உறங்குமூஞ்சிகளும் ஆதரிப்பதாக விளம்பரங்கள் தீட்டப்பட்டுள்ளன. அவை பகைவரின் குறும்பாகலாம்.

நகைச்சுவை இவ்வளவில் நிற்க, ரோமுக்கு மீள்வோம். தொடக்கத்தில் வாக்காளர் தம் முடிவை வாயால் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. செல்வரை அண்டி வாழ்ந்த எளியவன் அஞ்சாமல் எவ்வாறு வாக்களிப்பான்? ஆகவே கி.மு. 139-இல் மறைவாக்குச் சட்டம் பிறந்தது. மெழுகு பூசிய சிறு பலகையில் எழுதிக் கூடையில் இடும் வழக்கம் வந்தது. அப்பொழுதும், வாக்காளர் கடந்து செல்லும் ஒடுங்கிய மேடைப்பாலத்தின் ஓரத்தில் நின்று, பலகையை எட்டிப் பார்ப்போர் இருந்தனர். கி.மு. 119-இல் மாரியஸ் என்பவர் அப்பாலத்தை இன்னும் குறுக்குமாறு சட்டம் இயற்றினார். எட்டிப் பார்ப்பவன் நிற்க இடமின்றிப் போயிற்று. உரிமையைக் காக்கும் கருவி சில வேளை இத்துணைச் சிறியதாகவும் இருக்கக்கூடும்.

அச்சத்தைச் சட்டம் ஒருவாறு அகற்றியது. ஆசையை அகற்ற இயலவில்லை. மிரட்டிப் பெற முடியாத வாக்கை விலை கொடுத்து வாங்கத் தலைப்பட்டனர். பணத்தைப் பங்கிடத் தரகர்கள் இருந்தனர். தேர்தல் முடியும் வரை தொகையை வைத்துக் காக்க இடையாட்கள் இருந்தனர். கி.மு. 67-இல் ஒரு சட்டம், 63-இல் பத்தாண்டு நாடுகடத்தல் விதிக்கும் மற்றொரு சட்டம் எனத் தண்டனைகள் பெருகின, குற்றமும் குறைந்தபாடில்லை. கி.மு. 54-இல் வேட்பாளர்கள் திரட்டிய கடனால், ரோமில் வட்டி விகிதம் நூற்றுக்கு 4-லிருந்து 8-ஆக உயர்ந்தது என்று சிசரோ தம் கடிதத்தில் குறித்துள்ளார்.

அவ்வாண்டில் டிரிப்யூன் பதவிக்கு நின்றவர்கள் புதுமையான ஒப்பந்தம் ஒன்று செய்துகொண்டனர். நேர்மைக்குப் பெயர்பெற்ற கேட்டோவிடம் ஒவ்வொருவரும் ஐந்து இலட்சம் செஸ்டெர்ஸ் நாணயம் பிணையாக வைத்தனர். தவறு செய்தவர் என்று அவர் தீர்ப்பளித்தால் தொகையை இழக்க வேண்டும். சட்டத்திற்கு அஞ்சாதவர் ஒரு மனிதருக்கு அஞ்சினர்! அத்தகைய கேட்டோவும், அதற்கு முன் கி.மு. 60-இல், சீசரின் செல்வாக்கைத் தடுக்கத் தம் தரப்பினர் பணம் இறைத்தபோது, நாட்டு நலன் கருதி அதற்கு இசைந்தார் என்பதையும் வரலாறு மறைக்கவில்லை. நல்ல நோக்கம் என்ற பெயரால் தீய வழி உள்ளே நுழைவது இப்படித்தான். பின்னர் கி.மு. 52-இல், கேட்டோ தாமே கான்சல் பதவிக்கு நின்றார், முகமன் கூறி வாக்கு வேண்ட மறுத்தார், தோற்றார்.

மூன்றாண்டு கழித்து உள்நாட்டுப் போர் மூண்டது. குடியரசு வீழ்ந்து பேரரசு எழுந்தது. இலஞ்சம் ஒன்றே அவ்வீழ்ச்சிக்குக் காரணம் என்று நான் கூறேன். படைத்தலைவர்களின் போட்டியும் பிறவும் அதில் கலந்திருந்தன. ஆயினும் கி.பி. 14-இல் நடந்ததை எண்ணிப் பாருங்கள். பேரரசர் டைபீரியஸ் பதவியாளரைத் தேர்ந்தெடுக்கும் பணியை மக்களிடமிருந்து செனட் சபைக்கு மாற்றினார். மக்கள் வீண்முணுமுணுப்புக்கு மேல் ஒன்றும் செய்யவில்லை என்றும், இனிப் பணம் இறைக்கவும் பல்லிளிக்கவும் வேண்டியதில்லை என்று செனட்டர்கள் மகிழ்ந்தனர் என்றும் டாசிடஸ் எழுதுகின்றார். மறைவாக்குக்காகப் போராடிப் பாலத்தைக் குறுக்கியவர்களின் வழித்தோன்றல்கள், வாக்கே பறிபோன போது வாளா இருந்தனர்.

மாணவர்களே, விற்றுப் பழகிய பொருளை இழக்கும்போது எவருக்கும் நெஞ்சு பதைப்பதில்லை. ரோமானியர் வரலாற்றிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடங்களுள் இதுவும் ஒன்று.