வெயிலும் மழையும் புகாத வீடுகள்: ஏழைகளுக்கான நிதி உள்ளூர் அமைப்புகள் வழியே சென்றால் என்ன பயன்? புனே எரவாடா தரும் பாடம்

புனே: கோடையில் தகரக் கூரை அனலாய்க் கொதிக்கிறது, பருவமழையில் அதே கூரை ஒழுகுகிறது. குடிசைப் பகுதிக் குடும்பங்களுக்கு இவை ஆண்டுதோறும் வரும் துன்பங்கள். இத்தகைய வீடுகளை இருந்த இடத்திலேயே சீரமைப்பதற்கான அரசு நிதியை, மக்களோடு நெருங்கிப் பணியாற்றும் அமைப்புகள் வழியாகச் செலவிட முடியும் என்பதற்கு மகாராஷ்டிர மாநிலம் புனேயின் எரவாடா பகுதி முன்னுதாரணமாக விளங்குகிறது.

எரவாடாவில் நடந்தது என்ன?

2005 டிசம்பரில் மத்திய அரசு ஜவஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தைத் தொடங்கியது. நகர்ப்புற ஏழைகளுக்கான அடிப்படைச் சேவைகள் அதன் ஒரு பிரிவு. இப்பிரிவின்கீழ் எரவாடாவின் குடிசைப் பகுதிகளில் வீடுகளை மேம்படுத்தும் பணியைப் புனே மாநகராட்சி மேற்கொண்டது. பணியின் ஒரு பகுதி, 'ஸ்பார்க்' தொண்டு நிறுவனத்திடமும் 'மகிளா மிலன்' பெண்கள் கூட்டமைப்பிடமும் ஒப்படைக்கப்பட்டது. கோலார் தங்கவயலில் பிறந்த தமிழரும், 2000-ஆம் ஆண்டில் மகசேசே விருது பெற்றவருமான ஜோக்கின் அற்புதம் உருவாக்கிய தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு, இவ்விரண்டின் தோழமை அமைப்பாகும்.

நிதிப் பங்கீடு

ஒரு வீட்டுக்கான மதிப்பீடு சுமார் 3 லட்சம் ரூபாய்; பரப்பளவு சுமார் 270 சதுர அடி. செலவில் 50 சதவீதத்தை மத்திய அரசும், 30 சதவீதத்தை மாநில அரசும், 10 சதவீதத்தை மாநகராட்சியும் ஏற்றன. எஞ்சிய 10 சதவீதம், அதாவது சுமார் 30 ஆயிரம் ரூபாய், பயனாளியின் பங்கு.

உள்ளூர் அமைப்பின் பங்கு

பகுதி முழுவதும் இடிக்கப்படவில்லை. உறுதியான வீடுகள் அப்படியே விடப்பட்டன; தகரத்தாலும் பிற தற்காலிகப் பொருள்களாலும் ஆன வீடுகளே புதிதாகக் கட்டப்பட்டன. எந்த வீடு எந்நிலையில் உள்ளது, யார் குடியிருக்கிறார்கள் என்பதை அறிய மகிளா மிலன் பெண்கள் வீடுவீடாகச் சென்றனர். குடும்பங்களுடன் பேசியே வீட்டின் வடிவமைப்பு முடிவு செய்யப்பட்டது. கட்டடக் கலைஞர் பிரசன்னா தேசாய் வடிவமைப்புப் பணியில் பங்கேற்றார். தெருக்களும் அண்டை வீட்டு உறவும் குலையாமல் பணி நடந்தது.

இம்முறைக்குச் சிக்கலும் உண்டு. பணிகள் கட்டம் கட்டமாக முடிந்த பின்னரே பணம் விடுவிக்கப்படும்போது, அதுவரையிலான செலவை அமைப்பே திரட்டியாக வேண்டும். கையிருப்பு இல்லாத சிறிய அமைப்புகளால் இச்சுமையைத் தாங்குவது கடினம்.

அமெரிக்க முன்மாதிரி

குறைந்த வருவாய்க் குடும்பங்களின் வீடுகளுக்குத் தட்பவெப்பக் காப்பு அளிக்கும் திட்டத்தை, எண்ணெய் நெருக்கடியைத் தொடர்ந்து 1976-இல் அமெரிக்கா சட்டப்படி ஏற்படுத்தியது. நிதி மத்திய எரிசக்தித் துறையிலிருந்து மாநிலங்களுக்கும், அங்கிருந்து உள்ளூர்த் தொண்டு அமைப்புகளுக்கும் செல்கிறது. சுவர், கூரைகளில் வெப்பத்தடுப்புப் பொருள் பதிப்பதும் இடுக்குகளை அடைப்பதும் முக்கியப் பணிகள். அங்கு குளிரே முதன்மைச் சிக்கல், இந்தியாவிலோ வெயில்.

கான்கிரீட் மட்டும் போதுமா?

கான்கிரீட் தளம் மழையைத் தடுக்கும். ஆனால் பகலில் உறிஞ்சிய வெப்பத்தை அது இரவில் அறைக்குள் வெளியிடும். சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு இதற்கு எளிய தீர்வு. அகமதாபாத்தில் 1994 முதல் இயங்கிவரும் மகிளா ஹவுசிங் டிரஸ்ட், ஏழைப் பெண்களின் வீடுகளில் இத்தகைய கூரைப் பூச்சைப் பரவலாக்கி வருகிறது. தெலங்கானா அரசு 2023-இல் குளிர்கூரைக்கெனத் தனிக் கொள்கையையே வெளியிட்டது.

இனி என்ன?

2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டம் 2.0, ஒரு வீட்டுக்கு 2.5 லட்சம் ரூபாய் வரை உதவி அளிக்கிறது. அதில் தாமே வீடு கட்டிக்கொள்ளும் பிரிவுக்குச் சொந்த நிலம் தேவை. பட்டா இல்லாத குடும்பங்களுக்கு இது எட்டாக்கனியாகும். புதிய வீடு கிடைக்கும்வரை இருக்கும் கூரையில் வெள்ளை பூசவும் ஒழுகலை அடைக்கவும் தேவைப்படுவது சிறுதொகையே. அத்தொகையை உரிய வீட்டில் சேர்க்க, அந்தத் தெருவை அறிந்த அமைப்பு வேண்டும். எரவாடா உணர்த்துவதும் இதுவே.