‘அச்சைப் பொறுத்து’: ஒரு தொடரின் ஈராயிரம் ஆண்டுகள்

நிலையியல் தேர்வுகளில் தவறாமல் இடம்பெறும் வினா ஒன்று உண்டு: ‘தரப்பட்ட அச்சைப் பொறுத்து விசையின் திருப்புத்திறனைக் காண்க.’ விசையைத் தொலைவால் பெருக்கி விடை எழுதிவிடுகிறோம். ‘அச்சைப் பொறுத்து’ என்னும் தொடர் வெறும் சடங்குச் சொல்லாகக் கடந்துபோகிறது. ஆனால் கணக்கின் உயிர் அத்தொடரில்தான் இருக்கிறது. அதை வெளிப்படையாகச் சொல்ல விசையியலுக்கு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் தேவைப்பட்டன.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ் ‘தளங்களின் சமநிலை’ குறித்த தம் நூலில் நெம்புகோல் விதியை நிறுவினார். எடைகள் தம் தொலைவுகளுக்கு எதிர்விகிதத்தில் இருந்தால் சமநிலை ஏற்படும் என்பது அவ்விதி. எடையையும் தொலைவையும் பெருக்கி ஒரே அளவாக்கும் வழக்கம் கிரேக்கக் கணிதத்தில் இல்லை. எடையை எடையோடும், நீளத்தை நீளத்தோடும் ஒப்பிடும் விகிதங்களே அவர்கள் கருவி. எந்த அச்சு என்ற வினாவும் அங்கே எழவில்லை. தராசுக்கு ஒரே தாங்குபுள்ளி. விசைகள் அனைத்தும் கீழ்நோக்கியவை. கருவிக்குள்ளேயே பொதிந்திருந்ததால் அச்சு கண்ணுக்குப் படவில்லை.

முதல் விரிசல் வளைந்த நெம்புகோலில் தோன்றியது. 13ஆம் நூற்றாண்டில் யோர்தானுஸ் பெயரால் வழங்கிய இலத்தீன் நூல்களில், கையின் உண்மை நீளம் கணக்கில் வரவில்லை; தாங்குபுள்ளி வழியே செல்லும் செங்குத்துக் கோட்டிலிருந்து எடை விலகியிருக்கும் கிடைத்தொலைவே கணக்கில் வந்தது. மரக்கட்டையில் அளக்கக்கூடிய நீளத்திலிருந்து, மனத்தால் வரையவேண்டிய தொலைவுக்குச் சிந்தனை நகர்ந்த இடம் இது.

இனிச் சொல்லின் வரலாறு. இலத்தீன் ‘மொமெண்டும்’ அசைவைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது. தராசு முள்ளை அசைக்கப் போதுமான சிறு எடையையும், காலத்தின் சிறு துளியான கணத்தையும் அது குறித்தது. 1600ஐ ஒட்டி எழுதிய விசையியல் நூலில் கலிலியோ ‘மொமெந்தோ’வுக்கு வரையறை தந்தார். கீழ்நோக்கிச் செல்லும் நாட்டம் அது. பொருளின் எடையால் மட்டுமன்றி, அது அமைந்திருக்கும் இடத்தாலும் உண்டாவது. நம் ஏற்றத்தை நினைத்தால் இது விளங்கும். துலாவின்மீது முன்னும் பின்னும் நடப்பவரின் எடை மாறுவதில்லை. அவர் நிற்கும் இடம் மாறுகிறது. சால் இறங்குகிறது, ஏறுகிறது. தராசையும் ஏற்றமரத்தையும் தமிழ் ‘துலா’ என ஒரே சொல்லால் அழைத்திருப்பது கருதத்தக்கது.

பிரெஞ்சுக் கணித அறிஞர் வரிஞோன் 1687இல் தம் புதிய விசையியலின் முன்வரைவை வெளியிட்டார். ஒரு புள்ளியைப் பொறுத்து, கூறுவிசைகளின் திருப்புத்திறன்களின் கூட்டுத்தொகை தொகுவிசையின் திருப்புத்திறனுக்குச் சமம் என்னும் தேற்றம் இன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது. எல்லா விசைகளும் ஒரே தளத்தில் இருக்கும்வரை ‘புள்ளி’ போதுமானது. அப்புள்ளி, தளத்தைச் செங்குத்தாகத் துளைக்கும் அச்சின் முனையே.

விசைகள் முப்பரிமாண வெளியில் எத்திசையிலும் அமைந்தால் என்ன செய்வது? பார்வையை ஏறத்தாழ முழுதும் இழந்திருந்த இறுதி ஆண்டுகளில் ஆய்லர் இவ்வினாவை எடுத்துக்கொண்டார். எந்த அச்சைப் பொறுத்தும் விசைகளின் திருப்புத்திறனைக் கண்டறிவது குறித்த அவருடைய இரு கட்டுரைகள், அவர் மறைந்து பத்தாண்டுகள் கழித்து 1793இல் வெளிவந்தன. இரண்டின் இலத்தீன் தலைப்பிலும் ‘ரெஸ்பெக்து ஆக்ஸிஸ்’ என்னும் தொடர் இருக்கிறது: அச்சைப் பொறுத்து. 1803இல் புவான்சோ தம் ‘நிலையியலின் அடிப்படைகள்’ நூலில் இரட்டை என்னும் கருத்தை அறிமுகப்படுத்தி, திருப்புத்திறனுக்கே ஓர் அச்சும் திசையும் உண்டு என்று காட்டினார்.

இவ்வேறுபாடு எவ்வளவு பெரியது? கதவின் கைப்பிடி கீல் அச்சிலிருந்து 0.8 மீட்டர் தள்ளி, கீழ்க்கீலுக்கு 1 மீட்டர் மேலே இருப்பதாகக் கொள்வோம். அதைக் கதவுக்குச் செங்குத்தாக 10 நியூட்டன் விசையாலும், மேல்நோக்கி 20 நியூட்டன் விசையாலும் ஒருசேர இழுக்கிறோம். கீழ்க்கீல் என்னும் புள்ளியைப் பொறுத்த திருப்புத்திறனின் அளவு ஏறத்தாழ 20.5 நியூட்டன் மீட்டர். கைப்பிடியின் உயரத்தில், அதே அச்சிலுள்ள வேறொரு புள்ளியைத் தேர்ந்தால் அது 17.9 ஆகிறது. ஆனால் கீல் அச்சின் திசையில் அமையும் கூறு இரு நிலைகளிலும் 8 மட்டுமே. கதவைத் திறப்பது அந்த 8தான். அச்சுக்கு இணையான விசையும், அச்சை வெட்டிச் செல்லும் விசையும் கதவைத் திருப்புவதில்லை. எஞ்சிய கூறுகள் மறைந்துவிடுவதில்லை. கீல்களும் திருகாணிகளும் அவற்றைத் தாங்குகின்றன. கீலை வடிவமைப்பவர் 8ஐ மட்டும் பார்த்தால் திருகாணி பிடுங்கிக்கொள்ளும். கதவு திறக்குமா என்று கேட்பவர் 20.5ஐப் பார்த்தால் விடை பிழையாகும்.

‘திருப்புத்திறன்’ நல்ல கலைச்சொல். திரும்பு தன்வினை; திருப்பு பிறவினை. ஒன்று மற்றொன்றைத் திருப்புகிறது என்பது சொல்லிலேயே இருக்கிறது. இந்திப் பாடநூல்களின் ‘ஆகூர்ண’ சுழல்வதைக் குறிக்கும் சமஸ்கிருத வேரிலிருந்து வந்தது. தராசை நினைவூட்டும் இலத்தீன் சொல்லைப் போலன்றி, இவ்விரண்டும் சுழற்சியையே நேராகச் சொல்கின்றன. ஆயினும் எதைச் சுற்றி என்பதை இம்மூன்றில் எந்தச் சொல்லும் சொல்வதில்லை. அப்பொறுப்பு ‘பொறுத்து’ என்னும் சொல்லுருபின்மீது விழுகிறது. பொறுத்தல் என்பது தாங்குதல். திருப்பாத கூறுகளையெல்லாம் தாங்கி நிற்கும் கீலுக்கு அச்சொல் தற்செயலாகவே பொருந்திவிடுகிறது.

விடைத்தாளில் எண்ணுக்குப் பின் அலகு இல்லையெனில் மதிப்பெண்ணைக் குறைக்கிறோம். எந்த அச்சைப் பொறுத்து என்று எழுதப்படாத திருப்புத்திறனுக்கும் அதே அளவுகோல் வேண்டும். பிற இந்திய மொழிகளில் இப்பாடத்தைக் கற்பிக்கும் நண்பர்கள், தம் மொழி ‘பொறுத்து’ என்பதை எவ்வாறு சொல்கிறது என்று பின்னூட்டத்தில் எழுதினால் மகிழ்வேன்.