செவ்வாயில் ஒரு ஜெராக்ஸ் கடை

ரியல் டைம் ஆபரேட்டிங் சிஸ்டம் என்றதும் பலரும் வேகத்தைத்தான் நினைக்கிறார்கள். வேகம் இதில் இரண்டாம்பட்சம். சொன்ன நேரத்துக்குள் வேலை முடிந்ததா, அதுதான் கேள்வி. காரின் ஏர்பேக்கைக் கவனிக்கும் மைக்ரோகண்ட்ரோலர் உங்கள் போனைவிடப் பல மடங்கு மெதுவானது. ஆனால் வண்டி மோதும்போது "கொஞ்சம் இரு, இன்னொரு வேலை ஓடுது" என்று அது சொல்ல முடியாது.

இந்தப் பக்கம் புதிதாக வருகிறவர்களுக்கு நான் ஃப்ரீஆர்டிஓஎஸ்-ஐத்தான் கைகாட்டுவேன். ரிச்சர்ட் பாரி 2003 வாக்கில் உருவாக்கிய சின்ன கெர்னல், 2017 முதல் அமேசானின் பராமரிப்பில் இருக்கிறது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இஎஸ்பி32 போர்டு ஒன்று போதும். இரண்டு டாஸ்க் எழுதுங்கள். ஒன்று எல்இடியைச் சிமிட்டட்டும், இன்னொன்று ஏதாவது அச்சடிக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னுரிமை எண் கொடுங்கள். தயாராக இருக்கும் டாஸ்க்குகளில் எண் பெரியது எதுவோ அதை கெர்னல் ஓட்டும், மற்றவை காத்திருக்கும். அரை மணி நேரத்தில் வேலை செய்துவிடும். அட, இவ்ளோதானா என்று தோன்றும்.

யோசனை பழசுதான். 1960களில் எம்ஐடியில் ஹால் லேனிங், அப்போலோ கணினிக்காக இதே போல எண் வைத்து வேலைகளை ஓட்டும் நிரலை எழுதினார். அந்தக் கணினியின் மாற்றி எழுதக்கூடிய நினைவகம் மொத்தம் 2048 சொற்கள். 1969 ஜூலை 20 அன்று நிலவில் இறங்கும்போது 1202 என்ற எச்சரிக்கை வந்ததே, அதற்கு அர்த்தம் புது வேலையை வைக்க இடமில்லை என்பதுதான். கணினி தன்னைத்தானே மறுபடி தொடங்கி, முக்கியமான வேலைகளை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. ஈகிள் இறங்கிவிட்டது.

எண்களை மட்டும் நம்பினால் எங்கே உதைக்கும் என்று தெரிய, 1997க்கு வர வேண்டும். அந்த ஆண்டு ஜூலை 4 அன்று பாத்ஃபைண்டர் விண்கலம் செவ்வாயில் இறங்கியது. சோஜர்னர் என்ற குட்டி வண்டியும் உடன் போயிருந்தது. படங்கள் வந்தன, உலகமே பார்த்தது. சில நாட்களில் விண்கலம் தானாகவே ரீசெட் ஆகத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் அன்றைக்கு மிச்சமிருந்த வேலைகள் மறுநாளுக்குத் தள்ளிப்போயின.

உள்ளே ஓடியது விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற கெர்னல். நடந்ததைப் புரிந்துகொள்ள ஒரு ஜெராக்ஸ் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கடையில் ஒரே ஆள், ஒரே பிரின்டர். சாவகாசமான வாடிக்கையாளர் ஒருவரின் பிரின்ட் பாதியில் இருக்கிறது. கோர்ட்டுக்கு ஓட வேண்டிய வக்கீல் வருகிறார். அவருக்கும் பிரின்டர்தான் வேண்டும், அதனால் முந்தையது முடியும்வரை நிற்கிறார். இதுவரை சரி. அப்போது மூன்றாவதாக ஒருவர் லேமினேஷனுக்கு வருகிறார். சாவகாச ஆளைவிட இவர் முக்கியம், ஆகவே கடைக்காரர் லேமினேஷனுக்குப் போய்விடுகிறார். பிரின்டர் பாதியில் கிடக்கிறது. வக்கீலுக்கு லேமினேஷனோடு எந்தச் சம்பந்தமும் இல்லை, ஆனாலும் அதற்காகக் காத்திருக்கிறார்.

செவ்வாயில் சாவகாச ஆள், வானிலைத் தகவல் சேகரித்த டாஸ்க். லேமினேஷன், தகவல் தொடர்பு உள்ளிட்ட நடுத்தர டாஸ்க்குகள். வக்கீல், விண்கலத்தின் பஸ்ஸில் வரும் தரவைப் பிரித்துக் கொடுக்கும் டாஸ்க். அது நொடிக்கு 8 முறை தன் வேலையை முடித்தாக வேண்டும். முடிக்கவில்லை என்று அடுத்த சுற்றில் தெரிந்ததும், ஏதோ பெரிய கோளாறு என்று மென்பொருள் ரீசெட் செய்துவிட்டது.

இதற்குப் பெயர் முன்னுரிமைத் தலைகீழ். லாம்ப்சனும் ரெடெலும் 1980லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். 1990இல் ஷா, ராஜ்குமார், லெஹோட்ஸ்கி மூவரும் தீர்வை முறையாக அலசிக் கட்டுரை வெளியிட்டார்கள். (ராஜ்குமார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றவர் என்பதில் எனக்குக் கொஞ்சம் கெத்துதான்.) தீர்வு எளிமையானது. வக்கீல் காத்திருக்கும்வரை, பிரின்டரை வைத்திருப்பவருக்கு வக்கீலின் முக்கியத்துவம் தற்காலிகமாகக் கிடைக்கும். அப்புறம் லேமினேஷன்காரர் குறுக்கே வர முடியாது. விஎக்ஸ்வொர்க்ஸிலும் இந்த வசதி இருந்தது. சிக்கலுக்குக் காரணமான மியூடெக்ஸில் மட்டும் அது அணைந்திருந்தது.

மென்பொருள் குழுவின் தலைவர் கிளென் ரீவ்ஸ் அந்த ஆண்டே இதை விவரமாக எழுதினார். தரையில் சோதித்தபோதே இந்த ரீசெட் தலைகாட்டியிருக்கிறது. மறுபடி வரவழைக்க முடியவில்லை. பத்திரமாக இறங்குவதுதான் அப்போது தலையாய கவலை என்பதால் அது பின்னுக்குப் போனது. மனிதர்களும் தங்கள் வேலைக்கு முன்னுரிமை எண் போட்டுத்தானே ஓடுகிறார்கள்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்னொன்றையும் அவர்கள் செய்திருந்தார்கள். பிழை தேட உதவும் பதிவு வசதிகளைக் கழற்றாமல் அப்படியே அனுப்பியிருந்தார்கள். ஜேபிஎல் ஆய்வகத்தில் இருந்த நகலில் அதே சிக்கலை வரவழைத்து, காரணத்தைப் பிடித்து, சின்னத் திருத்தம் ஒன்றைச் செவ்வாய்க்கு அனுப்பினார்கள். ரீசெட் நின்றது.

ஃப்ரீஆர்டிஓஎஸ்-இல் மியூடெக்ஸ் எடுத்தால் இந்த வசதி கூடவே வரும். பைனரி செமஃபோரில் வராது. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி பூட்டுகிற சமாச்சாரம், அதனால் எதையாவது எடுத்துப் போட்டுவிடத் தோன்றும். எல்இடி சிமிட்டி முடித்த கையோடு இந்த ஜெராக்ஸ் கடையையும் போர்டில் கட்டிப் பாருங்கள். மூன்று டாஸ்க், ஒரு பைனரி செமஃபோர். நடு டாஸ்க் தூங்காமல் சில நொடிகள் சும்மா கணக்குப் போட்டுக்கொண்டிருக்கட்டும். முக்கியமான டாஸ்க்கின் எல்இடி அப்படியே உறைந்து நிற்கும். பிறகு செமஃபோரை மியூடெக்ஸாக மாற்றி ஓட்டுங்கள். இஎஸ்பி32-இல் பெரும்பாலும் இரண்டு கோர் இருக்கும். மூன்று டாஸ்க்கையும் ஒரே கோரில் கட்டிப்போட்டால்தான் கூத்து தெரியும்.